பலெர்மோ மலையில் வெட்டிய தோரணப் புல்

எங்கள் ஆட்கள் நாடுவிட்டு நாடு பறப்பதற்கு இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று கலியாணவீடு, மற்றது செத்தவீடு. ஊர் பார்ப்பதெல்லாம் இடையில் கிடைக்கும் அரை நாளில்தான். இந்த மே மாதம் எனக்குக் கிடைத்தது கலியாணவீடு, இடம் சிசிலித் தீவின் பலெர்மோ. அங்கே கடலையும் தேவாலயங்களையும்விட அதிக நேரம் ஒரு புல்லோடுதான் இருந்தேன். அதனால் இது புல்லைப் பற்றிய பயணக் கட்டுரை. கடற்கரைப் படம் தேடி வந்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

கலியாணம் என் கணவரின் தங்கை றெஜினாவின் மகள் ஷரோனுக்கு. றெஜினா மன்னார்க்காரி, இருபது வருடத்துக்கு மேலாகப் பலெர்மோவில் வீட்டுவேலை செய்கிறாள். அவளுடைய கணவர் மரியதாஸ் போன செப்டெம்பரில் மாரடைப்பில் இறந்துபோனார். ஆண்டுத் திவசம் முடியட்டும் என்று சொந்தக்காரர் சொன்னதைக் கேட்காமல், கணவர் பேசி முடித்த கலியாணத்தை அவர் குறித்த மாதத்திலேயே நடத்தப்போவதாக றெஜினா நின்றாள். அதுவரை சரி. பீடம்வரை பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவது யார் என்பதில்தான் சிக்கல். தகப்பன் இல்லாவிட்டால் தாய்மாமன், அதாவது என் கணவர், போவதுதான் வழக்கம். ஷரோனோ அம்மாதான் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கணவனை இழந்தவள் மணப்பெண்ணுக்கு முன்னால் வரலாமா என்று குடும்பம் முழுக்கத் தொலைபேசியில் வழக்குப் பேசியது. நாங்கள் கத்தோலிக்கர், சகுனம் பார்ப்பது பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தவர்கள். படித்தது வகுப்போடு நின்றுவிட்டது.

ஒஸ்லோவிலிருந்து ரோமில் மாறிப் பலெர்மோ போய்ச் சேர, காத்திருப்பையும் சேர்த்து ஏழு மணி நேரம் ஆனது. விமான நிலையம் நகரத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் இருக்கிறது. வெளியே நின்ற வாடகைக் கார்க்காரர் ஐம்பது யூரோ கேட்டார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், நான் போய் ரயிலில் ஏறினேன். ரயிலுக்கு ஏழு யூரோவுக்கும் குறைவு, ஒரு மணி நேரத்தில் மத்திய நிலையம் வந்துவிடும். இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் உட்காருங்கள், கடல் தெரிகிறதோ இல்லையோ காற்று வரும்.

நிலையத்திலிருந்து வியா மக்வேதா என்ற தெரு வழியாக நடந்து இடப்பக்கம் திரும்பினால் றெஜினா இருக்கும் அல்பெர்கேரியா, பழைய சந்தைப் பகுதி. பயணப்பெட்டியின் சில்லுகளைப் பதம் பார்க்கும் கல் பதித்த ஒழுங்கைகள். சந்தைக்குள் மீன்காரனின் கூச்சலுக்கு நடுவே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் நம்மவர் கடையும் இருக்கிறது. பசித்தால் பனெல்லே வாங்கிச் சாப்பிடுங்கள். கடலைமாவைக் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். இரண்டு மூன்று யூரோவில் வயிறு நிறையும்.

றெஜினாவின் வீடு மூன்றாம் மாடியில், மின்தூக்கி கிடையாது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது தாயும் மகளும் ஒரு காட்போட் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்கள். மிலானோவிலிருந்து வரவழைத்த தென்னங்குருத்தோலை. வழியில் எங்கோ வெயிலில் கிடந்து அவிந்து, கறுத்து, கையால் எடுத்தால் குழைந்தது.

"பிளாஸ்டிக் தோரணம் கடையிலை இருக்குது அம்மா, நான் போய் வாங்கிக்கொண்டு வாறன். அழாதேங்கோ" என்றாள் ஷரோன்.

"கொப்பரின்ரை செத்தவீட்டுக்குக் கட்டினது பச்சை ஓலை. உனக்குப் பிளாஸ்டிக் கட்டமாட்டன்" என்றாள் றெஜினா. அதோடு பெட்டியை மூடிவிட்டாள்.

பலெர்மோவில் பனை வகை மரங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வண்டு விழுந்து நிறையச் செத்துவிட்டன. மிச்சம் இருப்பது பூங்காவிலும் சதுக்கத்திலும் நிற்கிறது, அதில் கை வைத்தால் கலியாணத்துக்குப் பொலிஸும் வரும். யோசித்துக்கொண்டிருந்த றெஜினா திடீரென்று கேட்டாள்: "அண்ணி, புல்லிலை தோரணம் பின்னலாமோ? நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை மலைக்காணியிலை ஆளளவு புல்லு நிக்குது. இஞ்சத்தை ஆக்கள் திசா எண்டு சொல்லுறவை. ஒரு இதழ் என்ரை கை நீளத்துக்கும் மேலை."

நான் ஒஸ்லோவில் வேலை செய்வது ஒரு தோட்டக்கடையில். கொத்துக் கொத்தாய் வளரும் புல்வகைகளைச் சட்டியில் வைத்து, நோர்வேக்காரர் வீட்டு வாசலுக்கு அழகு என்று விற்பதுதான் என் பிழைப்பு. புல் என்று யாராவது வாய் திறந்தால் எனக்குச் சும்மா இருக்க வராது. "தாராளமாய்ப் பின்னலாம்" என்றேன். அன்றைக்கு என் குரலில் இருந்த உறுதியை நினைத்தால் எனக்கே இப்போது சிரிப்பு வருகிறது.

அடுத்த நாள் வியாழன், காலை எட்டு மணிக்கு மலைக்குப் புறப்பட்டோம். நகரப் பேருந்தில் மொன்றியாலே என்ற மேட்டு ஊர்வரை அரை மணி நேரம், கட்டணம் ஒன்றரை யூரோவை எட்டவில்லை. அந்த ஊர்த் தேவாலயத்தின் உட்சுவர் முழுக்கப் பொன்நிறக் கண்ணாடித் துண்டுகளால் படம் பதித்திருக்கிறார்கள். உலகமே வந்து பார்க்கும் இடம். நாங்கள் வாசலில் சிலுவை போட்டுவிட்டுப் புல் வெட்டப் போனோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், ஒரு மணி நேரமாவது உள்ளே இருங்கள்.

மொன்றியாலேயிலிருந்து காணிக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், பேருந்து இல்லை. சிஞ்ஞோராவின் காணியைப் பார்க்கிற சிவேன் தன் பழைய சின்னக் காரோடு காத்திருந்தார். மொரிஷியஸ்காரர். பாட்டன் பூட்டன் தமிழர், இவருக்குத் தமிழில் முருகன் பாட்டு வரும், பேச்சு வராது. றெஜினாவோடு இத்தாலிய மொழியில்தான் கதைத்தார். வளைவுகளில் நான் கதவைப் பிடித்துக்கொள்வதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பியானோ, பியானோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதே வேகத்தில் ஓட்டினார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம்.

கடைசி வளைவில் அவர் காரை நிறுத்திச் சரிவைக் காட்டி ஏதோ சொன்னார். றெஜினா மொழிபெயர்த்தாள்: "போன கோடையிலை இவ்வளவும் எரிஞ்சதாம். காணி முழுக்கக் கரியாம்." நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் பச்சைக் கொத்துகள். ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் ஆளைவிட உயரமான பூந்தண்டுகள் எழும்பி ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தன. குனிந்து ஒன்றின் அடியை விலக்கிப் பார்த்தேன். பழைய இதழ்களின் கட்டைகள் கருகி, கையில் கரி ஒட்டியது. அந்தக் கரிக்குள்ளிருந்துதான் பச்சை வந்திருந்தது. இந்த மலைகளுக்கே உரிய புல், வருடக்கணக்காய் ஒரே அடியில் நிற்கும். நெருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அதுதான், நெருப்புக்குப் பிறகு முதலில் முளைப்பதும் அதுதான். இதைப் பார்த்தவுடன் வேர், மண், புலம்பெயர்வு என்று நாலு வரி எழுத எனக்கும் கை குறுகுறுத்தது. எழுதவில்லை. வெட்ட வேலை இருந்தது.

இதழ் ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், அகலம் சுண்டுவிரல் நகத்தளவு. இழுத்துப் பார்த்தேன், அறவில்லை. சும்மா தடவிப் பார்க்காதீர்கள், ஓரம் அரம்போல இருக்கும். நான் கடைக்காரியின் தோரணையில் கையுறை இல்லாமல் தடவிப் பார்த்து இரண்டு விரலைக் கிழித்துக்கொண்டேன். சிவேன் தன் கையுறையைக் கழற்றித் தந்தார்.

கொத்தின் நடுவைத் தொடாமல் ஓரத்து இதழ்களை மட்டும் கத்தரித்துக் கட்டுக் கட்டாய் அடுக்கினோம். பாதியில் றெஜினா ஒரு பாறையில் உட்கார்ந்தாள். சிவேன் தூரத்தில் தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒண்டு கேக்கிறன், சிரிக்காதேங்கோ. நான் கூட்டிக்கொண்டு போனா, பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ?"

நான் சிரிக்கவில்லை. ஊர் வாய்க்குத்தான் அவள் பயப்படுகிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவளுடைய பயம் ஊருக்கு அல்ல, மகளுடைய வாழ்க்கைக்கு.

"என்ன ஆகும்? நீ பெத்து வளர்த்த பிள்ளை" என்றேன்.

"எனக்கும் ஆசைதான். அவர் இருந்தா அவர் போயிருப்பார், நான் பின்னாலை நிண்டு அழுதிருப்பன். இப்ப அவள் கேக்கிறாள்." கையில் இருந்த புல்லுக்கட்டை இறுக்கிக் கட்டினாள். "சனிக்கிழமை காலமை எல்லாம் வடிவா இருந்தா நான் போறன். ஒரு சின்னக் குறை கண்டாலும் அண்ணையே போகட்டும். இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

ஆக, ஒரு கலியாணமே இப்போது ஒரு சின்னக் குறையில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். நான் எதையும் சரியாகச் செய்து முடிக்கிற ஆள் என்பது என் எண்ணம். குறையே வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு கட்டு வெட்டினேன்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பின்னல். தேவாலயப் பங்கைச் சேர்ந்த நாலைந்து பெண்கள் வேலை முடிந்த கையோடு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். நாலு இதழைச் சேர்த்துப் பிடித்தால்தான் ஒரு தென்னோலையின் அகலம் வரும். மடித்து, சுற்றி, சொருகி, தோரணத்தில் வைக்கும் குருவி உருவங்கள் செய்தோம். தோரணம் தெரியாத பிள்ளைகளுக்காக இதைச் சொல்ல வேண்டும். நல்ல காரியத்துக்கு ஒரு தோரணத்தில் நாலு குருவி, தலை மேலே பார்க்க வேண்டும். செத்தவீட்டுக்கு மூன்று குருவி, தலை கீழே. படிக்காத பிள்ளைக்கும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும், அந்த வீட்டில் சிரிக்கலாமா அழவேண்டுமா என்று.

பின்னேரம் ஆறு மணிக்குள் வீட்டு வாசலிலும், ஒழுங்கைக்குக் குறுக்கே எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்வீட்டு ஜன்னல் கம்பிவரையும் கட்டிவிட்டோம். கட்டின கயிறும் அதே புல்லில் திரித்ததுதான். பச்சைப் பசேலென்று குருவிகள் தலை நிமிர்ந்து நின்றன. கீழே போகிற வருகிற சிசிலிக்காரர் நின்று படம் எடுத்தார்கள். பரிஸிலிருந்து மரியதாஸின் அக்கா வந்து இறங்கினார். குடும்பத்தில் எல்லாரும் அவரைப் பரிஸ் மாமி என்றுதான் சொல்வோம். அவருடைய வாயிலிருந்து பாராட்டு வருவது பூசை நேரத்தில் கைத்தொலைபேசி அடிக்காமல் இருப்பதைப்போல அபூர்வம். அவரே அண்ணாந்து பார்த்து, "பரவாயில்லை, வடிவாத்தான் கட்டியிருக்கிறியள்" என்றார். அடுத்த மூச்சில், "தமையன்தானே கூட்டிக்கொண்டு போறார்?" என்று கேட்டார். றெஜினா தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டாள். அன்று பின்னேரம்தான் வந்து சேர்ந்த என் கணவர், புதிதாய் வாங்கிய கோட்டைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு காற்று மாறியது. ஆபிரிக்கப் பக்கமிருந்து வரும் சூடான காற்றுக்கு இங்கே சிரோக்கோ என்று பெயர். அடுப்பைத் திறந்ததுபோல முகத்தில் அடிக்கும். மே மாதத்தில் வருகிறவர்கள் எதிர்பார்த்து வாருங்கள், தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் மாடத்துக்குப் போனேன். கீழே எட்டிப் பார்த்தேன். ஒரு குருவியின் தலைகூட மேலே இல்லை. இதழெல்லாம் உள்நோக்கிச் சுருண்டு, மடிப்பு நெகிழ்ந்து, வாசல் தோரணமும் ஒழுங்கைத் தோரணமும் வரிசை வரிசையாய்த் தலை கவிழ்ந்து தொங்கின. முடிச்சுகளும் இளகிவிட்டன. ஒழுங்கைக்குக் குறுக்கே கட்டியது நெற்றியில் தட்டுமளவுக்குத் தாழ்ந்து கிடந்தது. கலியாணவீடு ஒரே இரவில் செத்தவீடாகிவிட்டது.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். அவள் எழும்புவதற்குள் எல்லாவற்றையும் அறுத்து எறிந்துவிடுவது என் திட்டம். றெஜினா ஏற்கெனவே வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், தலையில் ஈரத் துவாய் சுற்றியபடி.

"வையுங்கோ அண்ணி அதை" என்றாள்.

"இது சகுனமில்லை றெஜினா, காற்று. புல்லு காய்ஞ்சு போச்சு, அவ்வளவுதான். எனக்கு இது தெரிஞ்சிருக்கவேணும்..."

"எனக்கும் விளங்குது. புல்லு காய்ஞ்சாத் தொங்கும்தானே." அவள் குரலில் நடுக்கம் இல்லை. "இவர் போன அண்டைக்கு ஒரு குறையும் இருக்கேல்லை அண்ணி. வெயிலும் இல்லை, மழையும் இல்லை, நல்ல வடிவான நாள். சந்தையிலை மீன் மலிவெண்டு சிரிச்சுக்கொண்டு வந்தவர். மீனைக் கழுவிப்போட்டு வந்து பாக்கிறன், கதிரையிலை இருக்கிறார், உயிர் இல்லை. எல்லாம் வடிவா இருந்த நாளிலைதான் அவர் போனவர்." எழும்பி ஒரு தோரணத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள். "பிறகு இந்தப் புல்லுக்கு என்ன தெரியும்? கிடக்கட்டும், அறுக்காதேங்கோ."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தலை இழுத்துக் கொண்டை போட நேரமாகிறது என்று சொல்லி அவளை மேலே அனுப்பிவிட்டு, நான் படியில் இருந்து அழுதேன்.

எட்டரை மணிக்கு மாமி வந்தார். பக்கத்துத் தெருவில் அறை எடுத்திருந்தார். பட்டுச்சேலையும் கைக்குட்டையுமாய் ஒழுங்கைக்குள் நுழைந்தவர் தோரணத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். முகம் கறுத்தது.

"ஆர் இதைக் கட்டினது? கலியாணவீட்டு வாசலிலை செத்தவீட்டுத் தோரணம்! அறுங்கோ உடனை!"

அலங்கரித்த ஷரோன் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் றெஜினா. மாடங்களில் அயலவர் கூடிவிட்டார்கள். மொழி விளங்காவிட்டாலும் சண்டை விளங்கும்.

"நான்தான் கட்டினனான் மச்சாள்" என்றாள் றெஜினா. "எண்ணிப் பாருங்கோ. மூண்டில்லை, நாலு."

"தலை கீழை கிடக்குதெல்லோ!"

"கிடக்கட்டும். நேரமாகுது, குனிஞ்சு வாங்கோ."

மாமி என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு மாமி கொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து வந்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டார், படம் எடுப்பவர், பங்குப் பெண்கள் எல்லாரும் வரிசையாய்க் குனிந்து வந்தார்கள்.

இனிக் கொஞ்சம் உபயோகமான விஷயம். திசாப் புல்லைப் பார்ப்பதற்கு மலைக்காணி தேவையில்லை. பலெர்மோ நகரத்தை ஒட்டிய பெல்லெகிரீனோ மலையிலேயே நிறைய நிற்கிறது. ஆனால் அது காப்பு நிலம், ஒரு இதழும் வெட்டக்கூடாது. வேறு இடமென்றாலும் காணிக்காரரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். பூந்தண்டு பார்க்க ஏப்ரல் முதல் ஜூன்வரை நல்லது, அதற்குப் பிறகு வெயிலும் தீ அபாயமும். முழங்கால் மூடிய காற்சட்டையும் கையுறையும் அவசியம், மலையில் நெருப்புப்பெட்டியை வெளியே எடுக்கவே வேண்டாம். இந்தப் புல்லில் முடைய ஆசைப்பட்டால் வெட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வேலைக்கு முன் தண்ணீரில் ஊறவையுங்கள். சுருங்குவதெல்லாம் முதலிலேயே சுருங்கிவிடும், பிறகு முடிச்சு இளகாது. சிசிலிக்காரர் பயிர் கட்டியதும் கயிறு திரித்ததும் அப்படித்தானாம். இதை என் கைத்தொலைபேசி சொன்னது, கலியாணத்துக்கு மறுநாள். அல்பெர்கேரியாவில் தங்குகிறவர்கள் மின்தூக்கி உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். தகவல் மட்டும் தேடி வந்தவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு: தேவாலயம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பத்து மணிக்கு வாசலில் நின்றோம். உள்ளே பாடகர் குழு தொடங்கிவிட்டது. என் கணவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, முழங்கையை மடித்து ஷரோனின் பக்கம் நீட்டினார். பாவம், அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஷரோன் அந்தக் கையைப் பிடிக்காமல் தாயைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, அந்தியாமோ" என்றாள். போவோம் என்கிற அந்த ஒரு சொல்லைச் சின்னப்பிள்ளை கடைக்குக் கூப்பிடுவதுபோலச் சொன்னாள்.

றெஜினா பெண்கள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். தோளில் கிடந்த கைப்பையைக் கழற்றி, பக்கத்தில் நின்ற மாமியிடம் நீட்டினாள்.

"மச்சாள், இதை ஒருக்காப் பிடியுங்கோ."

வாங்காமல் விட்டால் பை நிலத்தில் விழும். மாமி வாங்கினார். றெஜினா மகளின் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு, இடமும் வலமும் பார்க்காமல் நடந்தாள். என் கணவர் கையை மடித்தபடியே இரண்டு விநாடி நின்றுவிட்டு, அதை என்னிடம் நீட்டினார். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு நானும் ஒரு தடவை கைகோத்துத் தேவாலயத்துக்குள் போனேன்.

பூசை முழுக்க மாமி அந்தப் பையை மடியில் வைத்திருந்தார். வெளியே படம் எடுக்கும்போது, மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி "தாங்கோ மாமி, நான் வைச்சிருக்கிறன்" என்று கை நீட்டினாள். மாமி கொடுக்கவில்லை.

"இது கலியாணப் பொம்பிளையின்ரை தாயின்ரை பை. அவவுக்கு இண்டைக்குக் கை ரெண்டும் வேணும், என்னட்டையே இருக்கட்டும்."